ஒன்பதாம் இலக்கத்தின் மூன்று மஞ்சள் அட்டைகள்

எங்கள் கழகம் அந்தப் பருவத்தில் நான்கு ஆட்டங்களை வென்றது, ஆறைச் சமன் செய்தது, மிகுதிப் பன்னிரண்டிலும் தோற்றது. இவற்றில் இருபத்தொன்றை நான் நேரில் பார்த்தேன். தவறவிட்ட ஒன்று, நான் டெங்குக் காய்ச்சலில் கிடந்த சனிக்கிழமை நடந்தது. அதை வென்றார்கள். சுகமாகித் திரும்பிப் போனபோது கழகச் செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன மகள், அதுக்குள்ள எழும்பிட்டீங்க?" என்றார்.

கழகம் கொட்டாஞ்சேனையுடையது. நான் வெள்ளவத்தைக்காரி. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக இரண்டு பஸ்களும் ஒரு நல்ல காரணமும் வேண்டும். என் காரணம் அண்ணா. அவன் இரண்டு பருவங்கள் அங்கே இடது பக்கப் பின்வரிசையில் ஆடினான். மைதானத்தின் நடுக்கோட்டை அவன் தாண்டி நான் பார்த்ததில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தை மட்டும் தாண்டிவிட்டான். இப்போது டொரன்டோவில் இருந்துகொண்டு ஓர் இங்கிலாந்து அணிக்காக உயிரை விடுகிறான். தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம், "நீ இன்னும் அங்க போறனியே? உனக்கு வேற வேலை இல்லையே?" என்று கேட்பான்.

வேறு வேலை இருக்கிறது. நுகேகொடையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மற்றவர்கள் எழுதும் நிரல்களில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். திங்கள் முதல் வெள்ளி வரை பிறருடைய பிழைகள். சனிக்கிழமை எங்களுடையவை.

அம்மாவுக்கு உதைபந்தாட்டத்தில் ஆட்சேபணை இல்லை. வெயிலில்தான் ஆட்சேபணை.

"கறுத்துப் போறாய். நாளைக்கு ஆரும் பார்க்க வந்தா நான் என்னெண்டு சொல்லுறது?"

"இந்த முறை இறங்கமாட்டம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

அது உறுதியில்லை என்பது எனக்குத் தெரியும். பிரிவில் பன்னிரண்டு அணிகள். கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஓர் அணி பருவத்தின் பாதியிலேயே தன் இறுதிச் சடங்கை முடித்திருந்தது. மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு நாங்களும் கொலன்னாவையிலிருந்து வரும் ஓர் அணியும் போட்டியிட்டோம். ஓட்டப்பந்தயத்தில் இருவருமே பின்னோக்கி ஓடுவதைப் பார்த்திருந்தால் அந்தப் போட்டி எப்படி இருந்தது என்று விளங்கும். ஆட்டத்துக்கு முன் எங்கள் வீரர்கள் அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, முருகன் கோயிலில் தேங்காய் உடைத்து, பள்ளிவாசல் உண்டியலையும் தொட்டுவிட்டு வருவார்கள். மூன்று பக்கமும் இவ்வளவு தூரம் ஓடியவர்கள் மைதானத்தில் ஓடக் கூடாதா என்று எனக்குப் படும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். கீழ்ப் பிரிவுக்குச் சனிக்கிழமையில் மைதானம் கிடைக்காது. அதன் ஆட்டங்கள் புதன்கிழமை காலையில், கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் நடக்கும். செயலாளருக்கு அது மானப் பிரச்சினை. எனக்கு அது சனிக்கிழமை இல்லாமல் போவது. அலுவலகத்திலும் வீட்டிலும் என்னை மிகவும் நிதானமானவள் என்பார்கள். தகரக் கூரையின் கீழ் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். கிழமையில் மூன்று மணித்தியாலம் நான் அங்கேதான் கத்தினேன். அதை விட எனக்கு மனமில்லை.

ஆகவே என்னால் முடிந்ததைச் செய்தேன். அட்டவணை போட்டேன். பன்னிரண்டு அணிகள், ஒவ்வோர் ஆட்டம், யார் கோல் போட்டார், யாருக்கு எத்தனையாவது நிமிடத்தில் எந்த அட்டை. எங்கள் ஆட்டம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அணிகளின் ஆட்டங்களுக்கும் போய்க் குறித்தேன். போக முடியாதவற்றை அந்தந்த மைதானத்துக்குப் போனவர்களிடம் கேட்டு நிரப்பினேன். யாரும் என்னிடம் இதைச் செய்யச் சொல்லவில்லை. இதை வைத்து என்ன செய்வது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

அட்டைகளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு வீரர் மூன்று மஞ்சள் அட்டைகள் வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் ஆடக் கூடாது; ஆடினால் கழகத்துக்கு மூன்று புள்ளி குறையும். கணக்கு வைப்பது அந்தந்தக் கழகத்தின் பொறுப்பு. நடுவரின் அறிக்கைகள் சங்க அலுவலகத்தில் ஓர் இரும்பு அலுமாரிக்குள் போய்விடும். யாராவது எழுத்தில் முறைப்பாடு செய்தால் மட்டுமே அது திறக்கும். யாரும் செய்வதில்லை. எல்லாக் கழகத்துச் செயலாளர்களும் அட்டைக் கணக்கைத் தலைக்குள் வைத்திருப்பவர்கள். அதாவது, வைத்திருக்காதவர்கள். மற்றவனுடைய அலுமாரியை நான் தட்டமாட்டேன், என்னுடையதை நீ தட்டாதே. சங்கத்தின் எழுதப்பட்ட விதிகள் எல்லாவற்றையும் விட இந்த எழுதப்படாத விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது.

கடைசிச் சுற்றில் சனிக்கிழமை நாங்கள் சமன் செய்தோம். பதினெட்டுப் புள்ளிகள். ஞாயிறு நான் கொலன்னாவை அணி தோற்பதைப் பார்க்கப் போனேன். அவர்கள் வென்றார்கள். பத்தொன்பது. திரும்பி வரும் பஸ்ஸில், செத்த வீட்டில் பாத்திரம் கழுவுவது போல, கையை எதிலாவது வைத்திருக்க வேண்டும் என்று கைத்தொலைபேசியில் அட்டவணையை நிரப்பினேன். அவர்களுடைய ஐந்தாம் இலக்கக்காரர் ஆடியதாகக் குறித்ததும் அவருடைய பெட்டி சிவப்பாக மாறியது. முந்தைய ஆட்டத்தோடு அவருக்கு மூன்று மஞ்சள். அன்று அவர் ஆடியிருக்கவே கூடாது.

அடுத்த தரிப்பில் இறங்கிச் செயலாளரை அழைத்தேன். அவர் கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எதையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்ப்பவர்.

"மகள், அலுமாரியத் தொறக்கச் சொல்லப் போறோம்," என்றார். "யோசிச்சிட்டுத்தான் செய்யணும். நம்ம பக்கம் சுத்தமா?"

"சுத்தம் அங்கிள். பார்த்தனான்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"எங்கட அணியில ஒரு சிவப்புப் பெட்டியும் இல்லை."

"சரி. அந்த அஞ்சாம் நம்பர்ட வரிய மட்டும் ஒரு கடுதாசியில எழுதிக் கொண்டாங்க. போதும்."

அது போதாது என்று நான் நினைத்தேன். ஒரு வரியை யாரும் எழுதலாம். முழுத் தரவையும் கொடுத்தால்தான் நம்புவார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். அட்டவணை முழுவதையும் அச்சிட்டு, பக்க இலக்கம் போட்டு, சுருள் கம்பி கட்டிக் கொண்டுபோனேன்.

விசாரணை வியாழன் பின்னேரம். நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்ற ஒருவர். ஓரத்தில் நடுவர்களின் பிரதிநிதி. இந்தப் பக்கம் நானும் செயலாளரும், அந்தப் பக்கம் கொலன்னாவைக் கழகத்தின் செயலாளர். அவரும் தமிழர்தான். பருத்த உடம்பு, மெல்லிய குரல்.

தலைவர் என் புத்தகத்தைப் புரட்டினார். "மேக்க ஹதுவே கவுத?" என்று சிங்களத்தில் கேட்டார், யார் இதைச் செய்தது என்று. "மம, சேர்," நான்தான் என்றேன். "பொஹோம ஹொந்தய்," என்று தலையாட்டினார். மிகவும் நல்லது. இந்தச் சங்கத்தில் இப்படி ஒன்றைத் தான் கண்டதே இல்லை என்றும் சொன்னார். பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிட்டது போல இருந்தது. அலுமாரி திறந்தது. ஐந்தாம் இலக்கக்காரரின் மூன்று அட்டைகளும் நான் எழுதிய நிமிடத்திலேயே அறிக்கையிலும் இருந்தன. தலைவர் புத்தகத்தை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நானும் ஒருக்காப் பார்க்கலாமோ மிஸ்?" என்று கொலன்னாவைச் செயலாளர் கேட்டார். பெருமையோடு நீட்டினேன்.

அவர் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். எங்கள் அணியின் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், மற்ற ஆக்களுக்கு அட்டை, நிமிஷம், மொத்தம் எண்டு மட்டும் இருக்குது. உங்கட ஆக்களுக்கு நடுவில 'நியாயமா' எண்டு ஒரு வரிசை போட்டிருக்கிறீங்கள். அது என்ன?"

விளக்கத் தொடங்கினேன். பாதி வசனத்தில் எனக்கே விளங்கிவிட்டது.

பருவத்தின் தொடக்கத்தில் எங்கள் ஒன்பதாம் இலக்கக்காரருக்கு ஒரு மஞ்சள் அட்டை காட்டினார்கள். அது அட்டைக்குரிய தவறே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து, கோபம் தீர, எங்கள் அணிக்கு மட்டும் அந்த வரிசையைச் சேர்த்தேன். 'ஆம்' என்றால் கூட்டும், 'இல்லை' என்றால் விட்டுவிடும். பிறகு அது அங்கே இருப்பதையே மறந்துபோனேன். என் கணக்கில் எங்கள் வீரர்கள் நியாயமாக வாங்கிய அட்டைகள் மட்டும் இருந்தன. நியாயமாக அவர்கள் அதிகம் வாங்கவில்லை.

"குறிப்பும் எழுதியிருக்கிறா," என்றார் அவர், தலைவரைப் பார்த்து. பிறகு உரக்க வாசித்தார். "ஐந்தாம் ஆட்டம், ஒன்பதாம் இலக்கம், மஞ்சள். நியாயம் இல்லை. நடுவர் கண்ணாடி மாற்ற வேண்டும்." அதைச் சிங்களத்திலும் சொன்னார். "ஒன்பதாம் ஆட்டம், ஒன்பதாம் இலக்கம், மஞ்சள். நியாயம் இல்லை. விழுந்தவர் நாடகக் குழுவில் சேரலாம்." அதையும் பெயர்த்தார். "பதினான்காம் ஆட்டம், மஞ்சள். நியாயம்." நிமிர்ந்தார். "மிஸ் எழுதினதைத்தான் வாசிக்கிறன்."

நடுவர்களின் பிரதிநிதி மெதுவாகத் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை விளிம்பால் துடைத்தார். ஐந்தாம் ஆட்டத்தின் நடுவர் யார் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அலுமாரி இரண்டாம் முறை திறந்தது. ஐந்து, ஒன்பது, பதினான்கு. தலைவர் பென்சிலால் மூன்று கோடு போட்டு எண்ணினார். நான் படித்த கூட்டல் சூத்திரங்கள் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பதினைந்தாம் ஆட்டத்தில் எங்கள் ஒன்பதாம் இலக்கம் ஆடியிருந்தார். இரண்டு கோல் போட்டிருந்தார். நாங்கள் வென்றிருந்தோம். அதுவும் என் புத்தகத்தில், கோல் விழுந்த நிமிடத்தோடு, தடித்த எழுத்தில் இருந்தது.

அவர்களுக்கு மூன்று புள்ளி குறைத்தார்கள், பதினாறு. எங்களுக்கும் மூன்று குறைத்தார்கள், பதினைந்து. கிழமை முழுவதும் உழைத்து, ஒரு புள்ளி இடைவெளியை அப்படியே பாதுகாத்துக் கொடுத்திருந்தேன்.

வெளியே படிக்கட்டில் செயலாளர் என் புத்தகத்தை வாங்கி உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார்.

"ஒரு வரி போதும்னுதானே சொன்னேன்."

"சொன்னீங்கள்."

"சுத்தம்னு சொன்னீங்க."

"சொன்னனான்."

புத்தகத்தை என்னிடமே திருப்பித் தந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொலன்னாவைச் செயலாளர் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று, "கவலைப்படாதேங்கோ. அடுத்த வருஷம் எப்பிடியும் நாங்களும் கீழ வந்திடுவம்," என்றார். கேலியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அவருடைய பின்வரிசையைப் பார்த்தவள் என்ற முறையில் நானும் மறுக்கவில்லை.

ஒன்பதாம் இலக்கத்திடம் நானே சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன். அவர் மாளிகாவத்தை மாடி வீடுகளிலிருந்து வருபவர், என்னைவிட நான்கு வயது இளையவர். என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார். கொழும்பு முஸ்லிம் வீடுகளில் அது அக்காவுக்குரிய சொல். முதல் நாள் அதைக் கேட்டுக் கண்ணாடி பார்க்கப் போனது என் அறியாமை. கழகம் இறங்கியது என்னால், உங்கள் இரண்டு கோல்களும் பதிவிலிருந்து போனதும் என்னால் என்று ஒழுங்கு வரிசையில் சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"தாத்தா, அந்த முதல் கார்டு..."

"ம்."

"அது கார்டே இல்ல தானே?"

"இல்லை."

"நான் பந்துக்குத்தானே போன. அவன் தானா விழுந்த."

"அவன் விழுந்த பிறகுதான் உங்கட கால் அங்க போனது. நான் பார்த்தனான்."

"அதச் சொல்லல்லயா நீங்க அங்க?"

சொல்லவில்லை. இருபது நிமிடம் அதைப் பற்றியே கதைத்தோம், கழகம் இறங்கியதைப் பற்றி ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் எழும்பி நின்று, எங்கே நின்றார், பந்து எங்கே வந்தது என்று செய்து காட்டினார். நான் விழுந்தவனாக நடித்தேன். பயிற்சியாளர் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்.

அடுத்த மாதம் கழகக் கூட்டம். என்னை நீக்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அதைவிட மோசமானது நடந்தது. அட்டைக் கணக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பதவியை உருவாக்கி, எதிர்ப்பின்றி என்னைத் தெரிவுசெய்தார்கள். இனிப் பிழை நடந்தால் குற்றம் சொல்ல ஒருவர் வேண்டும், அவருக்கு அனுபவமும் இருக்கிறது என்று செயலாளர் முன்மொழிந்தார்.

திங்கட்கிழமை என் மேலாளரிடம் போனேன். அவரும் வெள்ளவத்தைக்காரர், அம்மாவுக்குத் தெரிந்த குடும்பம். இனி புதன்கிழமை எனக்கு விடுமுறை வேண்டும், பதிலுக்குச் சனிக்கிழமை வேலை செய்கிறேன் என்றேன்.

"ஒவ்வொரு புதனுமா?"

"ஓம்."

"ஏதும் வருத்தமோ? கிளினிக்குக்கோ?"

"இல்லை. மேட்ச்."

கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். நான் நிதானமாகவே இருந்தேன்.

"எவ்வளவு காலத்துக்கு?"

எங்கள் தொழிலில் இந்தக் கேள்விக்கு யாரும் உண்மை சொல்வதில்லை. இரண்டு கிழமை என்போம், ஆறு மாதம் எடுப்போம். நான் எங்கள் கோல்காப்பாளரின் வயதையும், நடுவரிசையின் வேகத்தையும், பயிற்சிக்கு வந்த எட்டுப் பேரையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன்.

"மூண்டு வருஷம் போடுங்கோ," என்றேன்.