ஈரத்துணி வாடை

எனக்கு மணம் தெரியாது. யாங்கூனில் பெயர்பெற்ற ஓர் உணவகத்தில், ஒயினை முகர்ந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவன் நான்... உலகையே முடக்கிய அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்து போனதிலிருந்து மல்லிகையும் சாக்கடையும் எனக்கு ஒன்றுதான். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பிறகு எப்படிச் சமாளித்தாய் என்று கேட்பீர்கள். மனப்பாடம்தான்! எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், வறுத்த பாதாம்... பழைய நினைவிலிருந்து ஒப்பிப்பேன். அதிலும் அமெரிக்காவிலிருந்து வரும் அந்த ஷார்டொனே என்கிற வெள்ளை ஒயின் எனக்கு வாய்த்த வரம். கடற்பனி மூடும் குளிர்ந்த மலைச்சரிவில் மெல்லப் பழுத்த திராட்சை. அதன் புளிப்பு நாக்கில் சுருக்கென்று படும். நாக்கு மட்டுமாவது எனக்கு மிச்சமிருந்தது.

ஒரு மழைக்காலப் பிற்பகல். அந்த ஒயினைத் திறந்து, வழக்கம்போல் ஒரு வாய் சுவைத்தேன். புளிப்பு சரியாக இருந்தது. ஊற்றினேன். கோப்பையை மூக்கருகே கொண்டுபோன விருந்தினர் முகம் சுளித்தார். ஈரத்துணி வாடை அடிக்கிறது என்றார்.

புட்டியின் தக்கை கெட்டு ஒயினில் இறங்கினால் வருகிற வாடை அது. இத்தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும்! இதை எப்படித் தவறவிட்டாய் என்று முதலாளியம்மா கேட்டால் நான் என்ன சொல்வேன்? வேலை போய்விடுமே... கோப்பை துடைத்த துணி சரியாகக் காயவில்லை என்று சொல்லிவிட்டேன். மீதி ஒயினை யாரும் முகருமுன் கொட்டியும் விட்டேன்.

கோப்பை துடைத்தவள் லெச்சுமி. யாங்கூனின் தாமுவே பகுதியில் எங்கள் தெருக்காரி. அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டவனே நான்தான். அன்றே அவளை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் அறைச் சூட்டில் அந்தத் துணிகள் மொறமொறவென்று காய்ந்திருந்ததைக் காலையில் நானே தொட்டுப் பார்த்திருந்தேன்!

போகும்போது அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "காஞ்சிருச்சுன்னுதாண்ணே நெனச்சேன்... ஒங்க மூக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இப்போது தாமுவே சந்தையில் மொகிங்கா விற்கிறாள். மீன்சாறு ஊற்றிய அந்த நூடுல்ஸைச் சாப்பிட விடுமுறை நாளில் போகிறேன். எதற்காகப் போகிறேன்... சொல்லிவிடவா? சொல்லாமலே திரும்பி வரவா? ஒவ்வொரு முறையும், கழுவித் துடைத்த ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டுகிறாள்.

"துணி வாடை அடிக்குதாண்ணே? பாத்துச் சொல்லுங்க."

முகர்கிறேன்... ஒன்றுமில்லை. எனக்கு எதிலும் ஒன்றுமில்லை.

"இல்லம்மா" என்கிறேன்.

"நீங்க சொன்னாத்தாண்ணே எனக்கு நிம்மதி" என்று சொல்லி, அந்தக் கிண்ணத்திலேயே அடுத்தவருக்கு ஊற்றுகிறாள்.