பூஜ்ஜிய எண் படங்கள்

முசிறி வாழைமண்டியில் ஒருவரின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "கோமதிக்கா போயிட்டாங்க பாய்" என்றார் எங்கள் ஆபீஸ் நர்ஸ். நான் டார்ச்சை அணைத்தேன். எதிரே உட்கார்ந்திருந்த வியாபாரி, நான் சொல்லும்வரை மூடக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதற்குமேல் யாரையும் நான் படம் எடுக்கவில்லை.

தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரி நடத்தும் வாய்ப்புற்றுநோய் ஆய்வில் கோமதிக்காவும் நானும் மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஊர் ஊராகப் போய்ப் புகையிலை போடுகிறவர்களின் வாயைப் படம் எடுப்போம். அந்தப் படங்களைக் கொண்டே நோயை முன்னதாகக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. கேள்வி கேட்பது அவர், கேமரா என் பொறுப்பு. அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். இறங்கும்போதே அவர் பேச்சு எங்கள் மாடிக்குக் கேட்கும். இந்த அஞ்சலியைப் படிக்கிற உங்களில் அவரோடு பழகியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படிவத்தில் "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று இருக்கும். அப்படிக் கேட்டால் ஊரில் எல்லோரும் உத்தமர்கள்தான். கோமதிக்கா படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு மழை, மாப்பிள்ளை, விலைவாசி என்று பேசிக்கொண்டே போவார். நடுவில், "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்பார். ஆள் யோசிக்காமல் தன் கன்னத்தைத் தொட்டுவிடுவார். "வாய் பொய் சொல்லும் பாய், கை சொல்லாது" என்று என் காதில் கிசுகிசுப்பார்.

ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவர் ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று அடம்பிடித்தார். "முகம் கோணிடும்னு பயமா? கோணின முகத்தோட பேரனைத் திட்டலாங்க. சுவத்துல போட்டோவாத் தொங்கிக்கிட்டு திட்ட முடியாது" என்றார் அக்கா. மறுவாரமே அந்த மனிதர் வந்து ஆபரேஷனுக்குப் படுத்தார். இன்றும் பேரனைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார்.

காலையில் வேலை தொடங்குமுன், வெளிச்சமும் ஃபோகஸும் சரியா என்று பார்க்க ஒரு சோதனைப் படம் எடுப்போம். அதற்கு வாயைத் திறப்பது எப்போதும் அக்காதான். அந்தப் படங்கள் நோயாளிகளின் படங்களோடு கலந்துவிடாமல் 'பூஜ்ஜியம்' என்ற எண்ணில் தனியே சேரும். டாக்டர்கள் அவற்றைத் திறப்பதில்லை. நான் பார்த்து, "தெளிவா இருக்குக்கா" என்பேன். "அப்பாடா" என்று வாயை மூடுவார். நான் 'தெளிவு' என்று பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவேன்.

போன வருடம் பல்வலி என்று லீவு போட்டார். பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தையே எடுத்தார்கள். பார்க்கப் போனபோது அவரால் பேச முடியவில்லை. "ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டேன். வெகுநேரம் என்னையே பார்த்தார். வலியில் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரங்கல் கூட்டத்துக்குப் படம் ஒன்று வேண்டும் என்று அவர் மகள் கேட்டார். எங்கள் கம்ப்யூட்டரில் தேடினேன். மூன்று வருடத்தில் அவர் முகம் ஒன்றுகூட இல்லை. பூஜ்ஜியத்தைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான காலைகள், எல்லாவற்றிலும் அவர் வாய் மட்டும். பட்டனை அழுத்தி ஒவ்வொன்றாகத் தள்ளினேன். இடது கன்னத்தின் உள்ளே மிளகு அளவில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. தள்ளத் தள்ள வளர்ந்தது, ஓரம் சிவந்தது. பின்னால் தள்ளினால் சுருங்கி மறைந்தது. கடைசி வாரங்களின் படங்களில் ஒரு விரல் இருந்தது. அக்கா தன் கன்னத்தைத் தானே இழுத்து விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சோதனைப் படத்துக்கு வாயைத் திறந்தால் போதும், கன்னத்தை யாரும் இழுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் தெளிவு, தெளிவு என்று நான் பதிந்திருந்தேன். 

மகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அப்பா தவறினதுலேருந்து அம்மா புகையிலை போட்டுக்கிட்டிருந்தாங்க சார். உங்களுக்கெல்லாம் தெரியும்னு நினைச்சேன்" என்றார். ஊரையே கேட்ட அந்தக் கேள்வியை அக்காவிடம் நாங்கள் யாரும் கேட்டதில்லை.

சொல்ல வெட்கப்பட்டுத்தான் காட்டினாரா? அல்லது நான் படத்துக்குச் சொன்ன 'தெளிவை'த் தன் கன்னத்துக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, தினமும் நிம்மதியாக வாயை மூடினாரா? இரண்டாவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கோமதிக்காவின் மகளே, நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் அம்மாவின் நோயை முதலில் பார்த்தவன் நான். பார்த்தும் பார்க்காதவன் நான். மன்னிப்புக் கேட்கக்கூட நாக்கு கூசுகிறது.

ஆய்வு முடிந்ததும் சோதனைப் படங்களை அழித்துவிட வேண்டும் என்பது விதி. நான் அழிக்காமல் எல்லாவற்றையும் தலைமை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது, பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடுவேனோ என்ற பயம்தான். அதை நான் விடப்போவதில்லை.

இப்போது சோதனைக்கு வாயைத் திறப்பது நான். இன்று காலை புதிதாக வந்த நர்ஸ் படம் எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்து, "தெளிவா இருக்கு சார்" என்றார். நான் வாயை மூடவில்லை. டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"படத்தை விடும்மா. என் வாயைப் பாரு" என்றேன்.