மகளின் துணியில் பழுப்புக் கறை

என் மகள் பிறந்த புதிதில் அவளுடைய மூத்திரத் துணிகளில் செம்பழுப்பாக ஒரு கறை படிந்துகொண்டே இருந்தது. அதற்கும் நான் என் கணவரைத்தான் திட்டினேன். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறோம். பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணி லேசில் காயாது. அதனால் இங்கே எல்லோரும் காப்பிப் பழம் காயவைக்கும் சிமெண்டுக் களத்தின் ஓரத்தில் துணியை விரிப்பார்கள். பழச்சாறு பட்டால் கறை போகவே போகாது.

"ஏனுங்க மாமா, பழம் கொட்டியிருக்கற பக்கமே போய்த்தான் விரிக்கோணுமா? கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்பேன்.

அவர் என் அத்தை மகன். என் வாய் அவருக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். "நாளைக்குத் தள்ளிப் போடறன் புள்ள" என்று சிரிப்பார்.

அவருக்கு அடிக்கடி சிறுநீரகத்தில் கல் வரும். தை மாதம் வலி தாங்காமல் சேலத்துக்குப் போனோம். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பிய டாக்டரம்மா, முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துப் பேசினார். உடம்பில் பழைய செல்கள் உடையும்போது அடினின் என்று ஒன்று மிஞ்சுமாம். ஒரு நொதி அதோடு சர்க்கரைத் துண்டை ஒட்டி, மறுபடி பயன்படும்படி செய்துவிடுமாம். இவருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்யவில்லை. ஒட்டப்படாத அடினின்தான் மாறிப்போய்க் கல்லாகிறது.

"மாத்திரையில அடங்கிடும். நீங்க சொந்தத்துலயா கட்டுனீங்க?" என்று கேட்டார். தலையாட்டினோம். "அப்ப இந்தக் குழந்தைக்கும் இருக்கலாம். மூத்திரம் பட்ட துணியில செம்பழுப்பா கறை படியுதுங்களா?"

"அது காப்பிக் கறைங்க" என்றேன். சொன்ன பிறகுதான் ஒன்று உறைத்தது. களத்தில் பழமே இல்லாத நாட்களிலும் அந்தக் கறை இருந்தது.

சோதித்துப் பார்த்ததில் மகளுக்கும் அதே குறைதான். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமே கெட்டுப்போகும் என்றார். பஸ் மலையேறி முடிக்கிற வரைக்கும் அழுதேன்.

மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நாளில் துணிகள் வெள்ளையாக வந்தன. ஆனாலும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் மடிப்பதில்லை.

அடுத்த பழம் பறிப்பு வந்தது. ஒருநாள் களத்திலிருந்து அவர் எடுத்துவந்த துணியில் மறுபடியும் பழுப்புக் கறை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தேன். புளித்த காப்பிப் பழத் தோலின் வாசம்.

"கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று அக்கம்பக்கத்து வீடெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினேன். அவர் துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருக்கும் புரிந்துவிட்டது. அப்படியே வாசலில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் நாலு வார்த்தை திட்டு புள்ள" என்றார்.