ரேடியோவுக்குக் காதல் வந்த இடம்

கம்பெனியில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பகலில் மழைக்காட்டுக்குள் நடை, இருட்டியதும் நுண்ணுயிர்களால் ஒளிரும் விரிகுடாவில் கயாக் படகு என்று சுற்றுலாக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போவது வேலை. பன்னிரண்டு வருடமாக வாய் ஓயாமல் பேசுகிறான். அட்டையைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசுவான்; அது கடித்துக்கொண்டிருக்கும் ஆளே நின்று கேட்பார். வீட்டுக்கு வந்தால் மின்வெட்டுதான். மனைவி எதைக் கேட்டாலும் ஒரு "ம்" போட்டு ஒலிபரப்பை முடித்துக்கொள்வான்.

அவன் நிகழ்ச்சிகளிலேயே பிரபலமானது காதல் கதை. விரிகுடா நடுவில் துடுப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இதே இடத்துலதான் என் மனைவிகிட்ட கேட்டேன்" என்று ஆரம்பிப்பான். மோதிரம் வாங்க வக்கில்லாமல், ஒளிரும் தண்ணீரை அள்ளி அவள் உள்ளங்கையில் ஊற்றினானாம். அவளும் உடனே சரி என்றாளாம். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். கம்பெனிக்கு ஐந்து நட்சத்திரமாகக் குவியும். நடந்தது என்னவோ, பதினைந்து வருடத்துக்கு முன்பு இரண்டு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்த கல்யாணம். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ரேடியோ உட்பட.

ஒரு நாள், பதிவு செய்த ஒருவர் வராமல் போகவே, இடம் வீணாகக் கூடாதென்று முதலாளி அவன் மனைவியைக் கூப்பிட்டு, "நம்ம ரேடியோ வீட்டம்மா" என்று எல்லோருக்கும் அறிமுகமும் செய்துவிட்டார். பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவளுக்கு அன்றைக்கு விடுமுறை.

காட்டில் ஒரு வேரைத் தாண்டும்போது அவளுக்குக் கை கொடுத்தான். பதற்றத்தில் "பாத்து வாங்க மேடம்" என்று வேறு சொல்லித் தொலைத்தான்.

"உங்களுக்கு இவ்வளவு பேச வருமா?" என்றாள் அவள்.

இருட்டுவதற்குள் அந்தக் கதையை எப்படி முழுங்குவது என்பதே ரேடியோவின் கவலை.

முழுங்கியும் இருப்பான். ஆனால் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி அம்மா ஒருவர் இருந்தார். போன வருடம் வந்தவர், கதை கேட்பதற்கென்றே தங்கையை இழுத்து வந்திருந்தார். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக மின்னிக்கொண்டிருந்தபோது, "இந்த இடம்தானே தம்பி? சொல்லுங்க, என் தங்கச்சி கேக்கட்டும்" என்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்த மனுஷி, விடுவாரா?

வேறு வழியில்லாமல் சொல்லி முடித்தான். அவன் கயாக்கின் முன் இருக்கையில் மனைவியின் முதுகு அசையவே இல்லை.

"நீ உடனே சரின்னுட்டியாம்மா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார் அந்த அம்மா.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா. நடுத்தண்ணியில வச்சுக் கேட்டா வேற என்ன சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். போன உயிரில் பாதி ரேடியோவுக்குத் திரும்பி வந்தது.

கரைக்குத் திரும்பும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாகப் போவது வழிகாட்டியின் வேலை. சிரிப்புச் சத்தம் தூரமாகப் போனதும் அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் நான் சரின்னு சொன்னதா சொல்லியிருக்கீங்க. எங்கிட்ட எப்பக் கேட்டீங்க?"

இதற்கு "ம்" போட முடியாது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஐந்து நட்சத்திரம் வாங்கிய அத்தனை இரவுகளிலும் வராத வெட்கம்.

"கேக்கல" என்றான்.

"அப்ப கேளுங்க."

தண்ணீரை அள்ளவெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. "என்னோட இருக்க உனக்குச் சம்மதமா?" என்று ஒருவழியாகக் கேட்டான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

அவள் திரும்பவில்லை. கையைத் தண்ணீரில் விட்டுக் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு துடுப்பை எடுத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தக் கதைய யார்கிட்டயும் சொல்லாதீங்க."