நீல நூல் மூட்டைகள்

காப்பார்க்காரர் ஜெயித்துவிட்டால் அத்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிள்ளானில், விளையாட்டுத் திடலை ஒட்டிய பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கைதான் அத்தை. எனக்குத் தலை பின்னிவிடுவது அவர், என் பாயில் பாதியைப் பிடித்துக்கொண்டு படுப்பதும் அவர். நான் நாலு பேரைக் கண்டால் வாய் திறக்காத பிள்ளை. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தையின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அந்தச் சேலையே காப்பார் ஊருக்குப் போய்விட்டால் நான் எங்கே போய் நிற்பது?

அத்தை ஒரு சீனர் கடையில் வேலை பார்த்தார். மணல், சிமெண்டு விற்கிற கடை. மணலைச் சாக்கில் அள்ளிப் போட்டு, கோணி ஊசியால் வாயைத் தைக்கிற வேலை. அந்தக் கடைக்கு லோரியில் மணல் கொண்டுவந்து கொட்டுகிறவர்தான் காப்பார்க்காரர். கடை வாசலில் அவர் எதற்கு இரண்டு தடவை ஹார்ன் அடிக்கிறார் என்று நான் யோசித்ததே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தாய்மாமன் வெற்றிலைத் தட்டோடு பெண் கேட்டு வந்துவிட்டார். காப்பார்க்காரரும் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அப்பா பேச யோசிக்கிற மனிதர். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா பதில் சொல்லிவிட்டார். சித்தப்பா துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்குகிறவர். கதவு மாதிரி முதுகு.

"லோரி ஓட்டறவனுக்கு ஸ்டியரிங் புடிக்கத் தெரியும். மூட்டை புடிக்கத் தெரியுமா? திடல்ல வந்து என்னைய ஜெயிக்கட்டும். அப்புறம் பொண்ணு கேக்கட்டும்."

தாய்மாமன் திரும்பிப் பார்த்தார். காப்பார்க்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிண்ணே. வரேன்" என்றார். அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் பக்கத்து இளைஞர் மன்றம் வருஷா வருஷம் விளையாட்டுப் போட்டி வைக்கும். சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பது எல்லாம் முடிந்து கடைசியில் மூட்டை தூக்குவது. துறைமுகத்து ஆட்களில் ஒருவர், லோரிக்காரர்களில் ஒருவர். ஆளுக்கு நாலு பலகை மேடை: முட்டி உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம், கடைசி மேடை தாடை உயரம். ஆளுக்கு நாலு மணல் மூட்டை. நாலையும் நாலு மேடையில் யார் முதலில் ஏற்றுகிறாரோ அவர்தான் ஜெயித்தவர்.

மூட்டை தைக்கிற வேலை அத்தைக்கே வந்தது. சித்தப்பாவின் மூட்டைகளுக்குச் சிவப்பு நூல், காப்பார்க்காரருடையதற்கு நீல நூல். கடைத் தராசில் ஒன்றுக்கொன்று சரியாக நிறுத்து, எட்டையும் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டார்கள். திடல் பக்கத்திலேயே இருக்கிறதல்லவா.

போட்டிக்கு முதல் நாள் மத்தியானம். அந்த வாரம்தான் என் பள்ளிக்கூடப் பை மழையில் நனைந்து, தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். நனைந்தால் கனக்கும். பால் டின்னை எடுத்தேன். தொட்டியில் மொண்டு மொண்டு நீல நூல் மூட்டைகளின் மேல் ஊற்றினேன். இரண்டாவது மூட்டைக்கு வந்தபோது பின்னால் நிழல் தெரிந்தது. அத்தை.

"என்ன செய்யற?"

"கனமாகட்டும்னு…"

"யாருக்கு?"

"காப்பார்க்காரருக்கு. அவரு தூக்கவே கூடாது அத்த. நீங்க போகக் கூடாது."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. குனிந்து மூட்டையின் விலாவை அமுக்கிப் பார்த்தார்.

"மேலாக்க ஊத்தினா ஆச்சா? உள்ள காஞ்சுல்ல கெடக்கும். உருட்டிப் போட்டு அந்தப் பக்கமும் ஊத்தணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே வாளியை எடுத்தார். இரண்டு பேரும் மூட்டைகளை உருட்டினோம். அத்தை ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பார்த்தார், ரொட்டி மாவைத் தட்டுகிற மாதிரி. போதும் என்றால் போதும், இன்னும் என்றால் இன்னும். நான் தெரியாமல் சிவப்பு நூல் பக்கம் டின்னைக் கொண்டுபோய்விட்டேன். சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் ஒரு சொட்டு படக்கூடாது!"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தைக்கும் என்னை விட்டுப் போக மனசில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு கட்சி.

மறுநாள் திடலில் நிற்க இடமில்லை. ஐஸ்காரர் மணி அடிக்கிறார், ஒலிபெருக்கி கத்துகிறது, பிள்ளைகள் மரத்தில் தொங்குகிறார்கள். மன்றத்துத் தலைவர் நீல நூல் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா இது, ஈரமா இருக்கு?"

"கூரை ஒழுகுதுங்க" என்றார் அத்தை. எங்கள் கூரை அந்த வருஷம்தான் மாற்றியது.

"வேற மூட்டை கட்டச் சொல்லவா?"

சித்தப்பா இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "எதுக்குண்ணே? நீலம் அவனோடதுதான? என்ன லோரிக்காரரே, பயமா இருக்கா?"

காப்பார்க்காரர் மூட்டையை விரலால் அமுக்கினார். தலையைத் தூக்கிக் கூட்டத்தில் யாரையோ தேடினார். "பரவால்லண்ணே. இதே இருக்கட்டும்" என்றார்.

விசில் ஊதினார்கள்.

முதல் மூட்டையைச் சித்தப்பா தலையணை மாதிரி எடுத்து வைத்தார். காப்பார்க்காரர் இன்னும் குனிந்துகொண்டுதான் இருந்தார். துறைமுகத்து ஆட்கள் தகரத்தைத் தட்டினார்கள். "ஓய் லோரி! கியர் விழலயா லா?" என்று ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவதிலும் சித்தப்பாதான் முந்தினார். என்னை அறியாமல் நான் கத்த ஆரம்பித்தேன். வகுப்பில் வாத்தியார் பெயர் கேட்டாலே தலையைக் குனிந்துகொள்கிற நான், "சித்தப்பா! சித்தப்பா!" என்று கத்தினேன். அத்தை என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மூன்றாவது மேடையில்தான் மாறியது. சித்தப்பா மூட்டையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார். உள்ளே மணல் சரசரவென்று ஒரு மூலைக்கு ஓடியது. மூட்டை குடிகாரன் மாதிரி மடங்கி, கைக்குள்ளிருந்து வழிந்து கீழே விழுந்தது. மறுபடி எடுத்தார். இந்தத் தடவை மறுமூலைக்கு ஓடியது. அரிசி மூட்டை அவரிடம் இப்படி நடந்துகொண்டதே கிடையாது. மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றிவிட்டார். கூட்டம் ஓவென்றது. அதற்குள் காப்பார்க்காரரும் மூன்றாவதை ஏற்றிவிட்டிருந்தார்.

கடைசி மூட்டை. இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. மூட்டை அவர் வயிற்றில் தொங்கியது, நடுவில் ஒடிந்து, இரண்டு பக்கமும் சரிந்து. பக்கத்தில் காப்பார்க்காரரின் மூட்டை விறைப்பாக, மரக்கட்டை மாதிரி அவர் மார்பில் ஏறியது. ஒரு நொடி அப்படியே நின்றார். "வேணாம், வேணாம், வேணாம்" என்று நான் முணுமுணுத்தேன். தலைக்கு மேல் அத்தையும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தொப்பென்று மூட்டை மேடையில் உட்கார்ந்தது.

லோரிக்காரர்கள் எல்லாரும் ஹார்னை அடித்தார்கள். கிள்ளான் முழுக்கக் கேட்டிருக்கும். நான் அழுதுகொண்டே நிமிர்ந்து பார்த்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் தண்ணீர். பாவம், எவ்வளவு பாடுபட்டு உருட்டினார்!

சித்தப்பா மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து போய் காப்பார்க்காரரின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "அதுவும் நனைஞ்ச மூட்டைய தூக்கியிருக்கான் லா! இவனுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது?" இதைச் சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தை மாதம் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் அத்தைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கிட்டே போய், காதில் மெதுவாகச் சொன்னேன்: "நாமளும் எவ்வளவோ பாத்தோம் அத்த. அவருக்கு பலம் ஜாஸ்தி. என்ன பண்றது."

அத்தை என்னை இழுத்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். உடம்பு குலுங்கியது. தலையில் வைத்த பூவெல்லாம் ஆடியது. "அழாதீங்க அத்த" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பெரிய மனுஷி மாதிரி.

நானும் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, ஒரு மழைக்காலத்தில் காப்பாரில் அத்தை வீட்டுப் பக்கம் வெள்ளம் ஏறியது. ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஆற்றோரம் மணல் மூட்டை அடுக்கினார்கள். கொட்டகைக்குள் இருந்த காய்ந்த மணலை அள்ளி இளவட்டங்கள் கட்டிய மூட்டை ஒன்றும் நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது. அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று சத்தம் போட்டார்.

"காஞ்ச மணலு கைக்கு அடங்காது லா! தண்ணி ஊத்துங்க. உருட்டிப் போட்டு அந்தப் பக்கமும் ஊத்துங்க. அப்பதான் கட்டையா நிக்கும், தூக்கவும் சுளுவு!"

நான் மண்வெட்டியோடு அப்படியே நின்றேன். மூட்டையைத் தோளில் வைத்திருந்த மாமா, அதே காப்பார்க்காரர், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு ஒன்றும் தெரியாதவர் மாதிரி கரையைப் பார்த்து நடந்தார்.

கல்யாணத்தன்று என் தோளில் குலுங்கியவருக்கு நான் அவ்வளவு நேரம் முதுகு தடவியிருக்க வேண்டியதே இல்லை.