கடைசி ஆளின் முதுகு

நான் சத்தியம் செய்யப் போவதில்லை. சத்தியம் செய்கிறவனைத்தான் ஊர் முதலில் சந்தேகப்படும். நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

பேய் என்றதும் நடுநிசி, நாய் ஊளை, அணைந்துபோன விளக்கு என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது காலை ஆறு ஐம்பத்தெட்டுக்கு. நல்ல வெயில். மூவாயிரம் அடி உயரம். என்னோடு பழைய நண்பர்கள் ஐந்து பேர் இருந்தார்கள்.

எனக்கு இப்போது லிஃப்ட் ரிப்பேர் வேலை. அதற்கு முன் பாராசூட் படையில் ஒன்பது வருஷம். அங்கே பயத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கிண்டல்தான் பேசுவோம். "முப்பத்தொரு தடவை பிளேன் ஏறியிருக்கேன், ஒரு தடவைகூட பிளேனோட இறங்கினதில்லை" என்பான் ஒருவன். "ஏறும்போது எல்லாரும் பக்திமான், இறங்கினதும் எல்லாரும் வீரன்" என்பான் இன்னொருவன். வயிறு கலங்கும்போதுதான் வாய் அதிகம் பேசும். அந்தக் கூட்டத்திலேயே அதிகம் பேசிய வாய் என்னுடையது. ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

எனக்கென்று பெயர்போன நடிப்பு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் 'கதவு'.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்பு எங்கள் முதல் குதிப்பு. வரிசையில் பன்னிரண்டு பேர். நான் பதினொன்றாவது ஆள். எனக்குப் பின்னால் கடைசியாக நின்றவன் ஒல்லியாக இருப்பான், அதிகம் பேச மாட்டான். பதினொரு பேர் குதித்தோம். அவன் குதிக்கவில்லை. விமானம் அவனோடு திரும்பிப் போனது. சாயங்காலம் நாங்கள் லாரியில் முகாமுக்கு வந்தபோது அவன் கட்டில் காலி. படுக்கையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பயிற்சி கொடுத்த மாஸ்டரிடம் கேட்டோம். "குதிக்கல" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மீதியை நான் சேர்த்துக்கொண்டேன். விமானக் கதவை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டானாம். "அம்மாகிட்ட போகணும்" என்று அழுதானாம். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும்தான் அவனுக்கு முன்பே குதித்துவிட்டோமே. ஆனால் நான் நடித்துக் காட்டினால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும். அன்றிலிருந்து அவன் பெயர் கதவு. வருஷா வருஷம் நாங்கள் கூடும்போது, சாப்பாட்டுக் கூடத்தின் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இருக்கும் ஆட்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் எவனுக்கோ புத்தி கெட்டது. "பேசிக்கிட்டே இருக்கோமே, இன்னொரு தடவை குதிச்சுப் பார்த்தா என்ன?" என்றான். உடம்பு ஒத்துழைக்கிற ஆறு பேர் மாட்டினோம். குதிப்புக் கிளப் ஒன்றில் எங்களுக்காகப் பழைய முறையிலேயே ஏற்பாடு செய்தார்கள். மருத்துவச் சான்று, மூன்று நாள் பயிற்சி எல்லாம் ஒழுங்காக முடிந்தது.

என் மனைவி தடுக்கவில்லை. "மாடிப்படி இறங்கவே முழங்கால் பிடிக்குதுங்கிறீங்க. வானத்துல இருந்து இறங்கப் போறீங்களாக்கும்" என்றாள். பிறகு வாசல்வரை வந்து, "இறங்கினதும் போன் பண்ணுங்க" என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

காலை 6.31. விமானத்தை நோக்கி வரிசையாக நடந்தோம். வெயில் அப்போதுதான் பக்கவாட்டில் விழுந்தது. எங்கள் நிழல்கள் தரையில் நீளமாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எனக்கு முன்னால் சோடாபுட்டி போனான். கண்ணாடியின் கனத்துக்காக நாங்கள் வைத்த பெயர். நான் ஆறாவது ஆள், கடைசி.

சும்மா நிழல்களை எண்ணினேன். ஏழு இருந்தன.

கிளப் ஆள் யாராவது பின்னால் வருகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். யாரும் இல்லை. ஓடுபாதை காலியாகக் கிடந்தது. மறுபடி கீழே பார்த்தேன். அதற்குள் விமானத்தின் நிழலுக்குள் நுழைந்துவிட்டோம்.

காலை 6.40. கிளம்பினோம். கதவருகே கிளப்பின் குதிப்பு அதிகாரி நின்றார். அந்தப் பெண்ணை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். நான் வால் பக்கம் உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர். அதில் ஒரு தீயணைப்புக் குடுவை தொங்கியது. வேறு எதுவும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் முறையில் பாராசூட்டை நாமே திறப்பதில்லை. முதுகிலிருந்து ஒரு மஞ்சள் பட்டை வரும். அதன் கொக்கியைத் தலைக்கு மேலே ஓடும் கம்பியில் மாட்ட வேண்டும். குதித்ததும் பட்டை இழுத்துத் திறந்துவிடும். பட்டை தோளுக்கு மேலே வர வேண்டும். கைக்கு அடியில் போய்விட்டால் கை பிய்ந்துவிடும். இல்லாவிட்டால் கிணற்று வாளி மாதிரி விமானத்துக்கு வெளியே தொங்க வேண்டியதுதான்.

அதனால் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனின் முதுகைச் சரிபார்ப்பான். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் கிடையாது. அவன் திரும்பி நிற்க, முன்னால் இருப்பவன் பார்ப்பான். பிறகு எண்ணிக்கை. கடைசி ஆளிடமிருந்துதான் தொடங்கும். தன் எண்ணைச் சொல்லி, 'ஓகே' என்று முன்னால் இருப்பவன் தோளில் ஓங்கித் தட்டுவான். அது அப்படியே கதவுவரை போகும்.

காலை 6.53. எழுந்து கொக்கி மாட்டினோம். நான் திரும்பி நின்றேன். சோடாபுட்டி என் பட்டையைப் பார்த்தான். "சரியா இருக்குடா" என்றான். சரியாகத்தான் இருந்தது.

அப்போது முன்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. "டேய், கதவு பண்ணு."

பண்ணினேன். என் கால் நடுங்கிக்கொண்டிருந்தது, அது தெரியக்கூடாது என்று பண்ணினேன். இரண்டு கையையும் தூக்கி, இல்லாத கதவை இறுக்கிப் பிடித்து, "அம்மாகிட்ட போகணும்" என்று ஊளையிட்டேன். ஐந்து பேரும் சிரித்தார்கள். மேடம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

கையை இறக்கினேன்.

காலை 6.56. மேடம் கையைக் காட்டினார். எண்ணிக்கை. நான்தான் தொடங்க வேண்டும். 'ஆறு ஓகே' என்று சொல்ல வாயைத் திறந்தேன்...

பின்னாலிருந்து என் வலது தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"ஏழு ஓகே."

இன்ஜின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலே காதில் விழாது. இந்தக் குரல் கத்தவில்லை. காதோரம் மெதுவாகப் பேசியது. மூச்சு பட்டது... சில்லென்று இருந்தது.

திரும்பினேன்.

தகரச் சுவர். தீயணைப்புக் குடுவை.

"டேய், எண்ணுடா" என்றான் சோடாபுட்டி.

"ஆறு ஓகே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் தோளில் தட்டினேன். ஐந்து, நான்கு, மூன்று... எண்ணிக்கை கதவுவரை போய்ச் சேர்ந்தது.

காலை 6.58. பச்சை விளக்கு எரிந்தது.

முதல் ஆள் போனான். இரண்டு. மூன்று. வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

எனக்குப் பின்னாலும் யாரோ நகர்ந்தார்கள்.

டக்... டக்... டக்... பூட்ஸ் சத்தம். இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

திரும்பக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது ஆள் போனான். சோடாபுட்டி போனான்.

கதவு.

காற்று முகத்தில் அறைந்தது. மேடம் என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வாய் திறந்து ஏதோ கத்தினார். கையை நீட்டினார்...

அதற்குள் ஒரு கை என் இடது கையைப் பிடித்தது.

பின்னாலிருந்து.

இறுக்கி. மேலே தூக்கி. எதையோ வெடுக்கென்று உருவியது.

நான் வெளியே இருந்தேன்.

பாராசூட் விரிந்தது. தலைக்கு மேலே அழகாக, வட்டமாக நின்றது. காலை 7.03க்குப் புல்லில் விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஐந்து பேரும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். சோடாபுட்டி புல்லில் உருண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். மனைவிக்குப் போன் செய்து, "இறங்கிட்டேன்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டாள். அவள் அழுகிறாள் என்று தெரிந்தது.

காலை 7.14. சைரன் கேட்டது.

ஆம்புலன்ஸ் மைதானத்துக்குள் வந்தது. அதன் பின்னால் ஜீப்பில் மேடம். வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடி வந்தார்.

"அவர் எங்கே? எங்கே விழுந்தார்?"

"யாரு மேடம்?"

"ஏழாவது ஆள். உங்களுக்குப் பின்னால குதிச்சாரே. கம்பியில அவர் கொக்கியே மாட்டல. பட்டையே இல்லாம குதிச்சார்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"மேடம், நாங்க ஆறு பேருதான்."

"எனக்கு எண்ணத் தெரியாதா? உங்க பட்டை கைக்கு அடியில போயிருந்துச்சு. நான் பார்த்துக் கத்தினேன். எனக்கு எட்டல. பின்னால இருந்தவர்தான் எடுத்துவிட்டார். என் கண்ணால பார்த்தேன். எடுத்துவிட்டுட்டு, என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டுக் குதிச்சார்."

ஒன்றே முக்கால் மணி நேரம் தேடினோம். ஆறு பேரும், கிளப் ஆட்களும், ஆம்புலன்ஸ் ஆட்களும் கைகோத்து வரிசையாகப் புல்லை மிதித்துக்கொண்டு நடந்தோம். காலில் என்ன தட்டுப்படுமோ என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தோம். எதுவும் தட்டுப்படவில்லை. விமானம் ஏறும் முன் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தார்கள். ஆறு கையெழுத்து இருந்தது. கம்பியிலும் ஆறு பட்டைகள்தான் இருந்தன.

மேடம் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. "ஒல்லியா இருந்தார். உங்க தோளைத் தட்டும்போது கையைப் பார்த்தேன். வலது கையில ரெண்டு விரல் இல்லை" என்றார்.

எங்களில் யாருக்கும் அப்படி ஓர் ஆளைத் தெரியாது.

சட்டையைக் கழற்றினேன். இடது மேல்கை கன்றியிருந்தது. ஒரு கட்டைவிரல் தடம். பக்கத்தில் இன்னும் இரண்டு விரல் தடம். அவ்வளவுதான்.

காலை 9.20. மாஸ்டருக்குப் போன் போட்டேன். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். எண்பத்திரண்டு வயது. அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, மகன் வீட்டில் இருக்கிறார். மருமகள் எடுத்து அவர் காதில் வைத்தாள்.

"மாஸ்டர், குதிச்சுட்டோம்."

"தெரியும்."

யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டான் என்று நினைத்தேன்.

"மாஸ்டர்... ரெண்டு விரல் இல்லாத ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"



"வலது கை. சுண்டு விரலும் மோதிர விரலும்" என்றார்.

எந்தக் கை என்று நான் சொல்லவே இல்லை.

"உனக்குப் பின்னால நின்னானே, அவன்தான். அன்னிக்கு உன் பட்டை கைக்கு அடியில இருந்துச்சு. ஏறும்போது ஏதோ கோமாளித்தனம் பண்ணிக்கிட்டு இருந்தே. நானும் கவனிக்கல. கதவுகிட்ட போனப்புறம் அவன் பார்த்துட்டான். கையை விட்டு எடுத்துவிட்டான். நீ போயிட்டே. பட்டை போன வேகத்துல அவன் விரலையும் கொண்டுபோயிடுச்சு."

அன்று கையில் ஓர் இழுப்பு இருந்தது எனக்கு நினைவு இருக்கிறது. காற்று என்று நினைத்திருந்தேன். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"ஏன் மாஸ்டர் சொல்லல?"

"அவன்தான் சொல்லக் கூடாதுன்னான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு. 'அவனுக்குத் தெரிஞ்சா அடுத்த தடவை கதவுகிட்ட கால் நடுங்கும். நான் பயந்துட்டேன்னே இருக்கட்டும்'னான்."

"நான் நடிக்கிறது..."

"அதையும் யாரோ அவன்கிட்ட சொல்லிட்டாங்க. சிரிச்சான். அவனுக்கு அதுல கோபம் இல்லைடா. ஒரே ஒரு குறைதான். படையில சேர்ந்தும் ஒரு தடவைகூட குதிக்கலியேன்னு."

இத்தனை வருஷம் சாப்பாட்டுக் கூடத்தில் நான் தொங்கிக் காட்டியதெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

"அவர் இப்போ எங்கே இருக்கார் மாஸ்டர்? நான் பார்க்கணும்." அவரை 'அவர்' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

போன் கை மாறும் சத்தம் கேட்டது. மருமகள் பேசினாள்.

"அண்ணா, மாமா அழறார். நீங்க கேக்கறவர் இறந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மாமாதான் அடக்கத்துக்குப் போயிட்டு வந்தார்."

அவள் போனை வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் அண்ணா. உங்க ஆளுங்க யாராவது காலையில எங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"இல்லையேம்மா. எல்லாரும் இங்கேதானே இருக்கோம். ஏன்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாமா ரெண்டு வருஷமா படுத்த படுக்கை அண்ணா. திரும்பிப் படுக்கவே ஆள் வேணும். இன்னிக்குக் காலையில ஏழு அஞ்சுக்கு நான் அடுப்படியில இருந்து வந்து பார்க்கிறேன். எழுந்து நிக்கிறார். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, வாசலைப் பார்த்து சல்யூட் அடிச்சுக்கிட்டு நிக்கிறார். அங்கே யாருமே இல்லை. யாருக்கு மாமா இதுன்னு கேட்டேன். 'கண்ணு தெரியலையா, குதிச்சுட்டேன் மாஸ்டர்னு வந்து நிக்கிறானே'ங்கிறார்."