மருதப்பனிடம் சொல்லாத சட்டம்

வயல் வரப்புத் தகராறு என்று வந்தால் வக்கீல் நமச்சிவாயம் பிள்ளை எடுக்க மாட்டார். "அதுக்கு வேற ஆள் இருக்கு வே" என்று அனுப்பிவிடுவார். பருத்தி வியாபாரிகளும் கூட்டுத்தொழில் முறிந்தவர்களும்தான் அவருடைய கட்சிக்காரர்கள். பங்குப் பத்திரம் எழுதுவதில் சங்கரன்கோவிலில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

1946இல் காளிராஜ் வந்தார். கரிவலம்வந்தநல்லூரில் நிலபுலன் உள்ளவர். மூன்று தலைமுறை வழக்குகளை இந்த ஆபீசுக்கே கொடுத்த குடும்பம். குருவிகுளத்துக்குப் பஸ் விடத் தன் பெயரில் பெர்மிட் வாங்கியிருந்தார். மருதப்பன் பணம் போட்டுக் காளிராஜ் பெயரிலேயே பஸ் வாங்கி, அவனே ஓட்டுவான்; வருமானம் ஆளுக்குப் பாதி என்று பத்திரம் எழுத வேண்டும். மருதப்பன் இளையரசனேந்தல்காரன், பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவன். பஸ்ஸுக்காக அப்பனுடைய ஆட்டுக்கிடை முழுவதையும் விற்கத் தயாராக இருந்தான்.

"பெர்மிட் உங்க பேர்ல இருக்கு. அதிகாரி உத்தரவில்லாம இன்னொருத்தனப் பங்கு சேத்தா சட்டப்படி செல்லாது. சண்டைன்னு வந்தா இந்தப் பத்திரம் நிக்காது அண்ணாச்சி" என்றார் வக்கீல்.

"அதை அவன்கிட்டச் சொன்னா கிடையை விப்பானா? எல்லாரும் இப்படித்தான ஓட்டுதாங்க? எழுதும் வே."

எழுதினார். மறுநாள் மருதப்பனுக்கு, அவன் படிக்கத் தெரியாதவன் என்பதால், வரிவரியாக வாசித்தும் காட்டினார். சொல்லாமல் விட்டது எந்த வரியிலும் இல்லை. அவன் பட்டாளத்தில் கற்ற கையெழுத்தைப் பெருமையோடு போட்டான்.

ஆறு வருஷம் பஸ் ஓடியது. பிறகு காளிராஜின் மருமகனுக்குப் பஸ் தொழிலில் ஆசை வந்தது. ஒருநாள் காலையில் மருதப்பன் போனபோது பஸ் ஷெட்டில் வேறு பூட்டு தொங்கியது. நேரே வக்கீலிடம் ஓடிவந்தான்.

"பத்திரம் எழுதினவன் நான். நானே வாதாடக் கூடாது" என்று சொல்லி, திருநெல்வேலி வக்கீல் சங்கரசுப்புவிடம் அனுப்பிவைத்தார் நமச்சிவாயம். "சாட்சிக்கு வாரேன்" என்றும் சொன்னார்.

விசாரணைக்கு முன்னால் சங்கரசுப்பு அவரைத் தனியே அழைத்துப் பேசினார். "பத்திரம் எப்படியும் விழுந்துரும். ஆனா சட்டம் தெரியாம ஏமாந்தவன்னு கோர்ட் நம்பிச்சின்னா, அவன் போட்ட பணத்தையாவது திருப்பி வாங்கிரலாம். நீங்க அவன்கிட்டச் சொல்லலேல்லா? அதைச் சொன்னாப் போதும்."

அதைச் சொன்னால், செல்லாது என்று தெரிந்தே எழுதியதும், ஒருவனை ஏமாற விட்டதும் கோர்ட்டில் பதிவாகும். வக்கீல் தொழில் செய்யும் உரிமையான சன்னதே போய்விடும்.

நமச்சிவாயம் கூண்டில் ஏறினார். மருதப்பன் முன்வரிசையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெர்மிட் சட்டத்தை மருதப்பனிடம் சொன்னீர்களா?"

"சொன்னேன். இருவருக்குமே விளக்கிச் சொன்னேன்."

சங்கரசுப்பு கேள்விக் காகிதத்தை மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்தார். வழக்குத் தள்ளுபடியானது. தெரிந்தே சட்டத்தை மீறியவர் கோர்ட்டின் உதவியைக் கேட்க முடியாது என்று தீர்ப்பில் இருந்தது. பத்திரம் எழுதிய வக்கீலின் சாட்சியம் நம்பத் தகுந்தது என்றும் ஒரு வரி இருந்தது.

தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் மருதப்பன் காத்து நின்றான். திட்டப்போகிறான், அடித்தாலும் அடிப்பான் என்று வக்கீல் நினைத்தார். அவன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"ஐயா, மனசுல வச்சுக்காதீக. நீங்க சொல்லவே இல்லன்னு கூண்டுல ஏறிச் சொல்லிட்டேன். அன்னைக்குச் சொல்லியிருப்பீக. பஸ் வாங்குத சந்தோசத்துல எனக்குத்தான் மண்டையில ஏறல."

"இல்லலே மருதப்பா..." என்று தொடங்கினார். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "சரி, போயிட்டு வா" என்று முடித்துக்கொண்டார்.

மருதப்பன் தூத்துக்குடியில் யாருடைய லாரிக்கோ கூலி டிரைவராகப் போனான். அவன் மனைவி மாரித்தாய் ஊரிலேயே களையெடுக்கப் போனாள். காளிராஜ் நன்றியோடு தன் சம்பந்தி வீட்டு வழக்குகளையும் நமச்சிவாயத்திடம் கொண்டுவந்தார். ஒன்றைக்கூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.